நடுவில் ஒரு பெட்டி

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். திரை நிறையப் பூஜ்யங்களைப் பார்த்ததும் வடிவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். சீ, என்ன மனசு இது என்கிற எண்ணம் அதற்குப் பின்னால்தான் வந்தது, அதுவும் அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி ஓரமாக நின்றது. தம்பி குத்தாலம் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன ஹார்டு டிஸ்க் மேசைமேல் கிடந்தது, அதன் கறுப்புப் பெட்டியிலிருந்து உரித்தெடுக்கப்பட்டு, பச்சை அடிவயிறு தெரிய. பக்கத்தில் பெட்டி, வாய் உடைந்து. பையிலிருந்து கீழே விழுந்ததில் வயர் சொருகுகிற இடம் பெயர்ந்துவிட்டது, அதனால்தான் டிஸ்கை வெளியே எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அவன் இரண்டு வருஷமாக எடுத்த படம் முழுக்க அதில் இருக்கிறது. இருந்தது. இருக்கிறதா இருந்ததா என்பதைத்தான் இன்றைக்கு அவள் சொல்ல வேண்டும், சாயங்கால ரயிலுக்குள், ஏனென்றால் சென்னையில் எடிட்டர் காத்திருக்கிறார், வேறு காப்பி கிடையாது. ஒரே ஒரு காப்பியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான், கோட்டிக்காரப் பயல். அந்த டிஸ்கில் எங்கோ ஒரு மூலையில் வடிவு பேசியதும் இருக்கிறது, கால் மணி நேரம் போல. அது மட்டும் இல்லாமல் போனால் போதும், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள், இப்போது எல்லாமே இல்லை என்று வந்து நிற்கிறது. சாமி கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டுதான் கொடுக்கும் போல.

அடுப்பங்கரையில் அம்மா எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரமநாயகி அம்மாள் நறுக்குகிற சத்தத்தை வைத்தே காய் என்னவென்று சொல்லிவிடலாம், இது கொத்தவரங்காய். பெருமாள்புரத்து வீட்டில் இந்த அறைக்கும் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்கள்தான், மேலே காற்றுக்கு ஒரு துவாரம் வேறு, அம்மா தனக்குத்தானே முனகுவதுகூட இங்கே கேட்கும். உப்பு எங்க வச்சேன், இந்தா இருக்கு. வடிவு என்கிற சங்கரவடிவுக்குப் பிழைப்பே இந்த டிஸ்க்குகள்தான், டிஸ்கில் உள்ளதைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கிற மென்பொருள் எழுதும் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. ஒவ்வொரு டிஸ்கின் தலைமாட்டிலும் ஒரு அட்டவணை இருக்கும், பார்ட்டிஷன் டேபிள் என்பார்கள், இன்ன பகுதி இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான், வேறு பெரிய சிதம்பர ரகசியம் ஒன்றும் கிடையாது. அது அழிந்தால் உள்ளே இருப்பது எங்கேயும் போய்விடாது, ஆனால் எது எங்கே என்று சொல்ல நாதியிருக்காது. அதைப் படிக்க அவளே ரஸ்ட் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள், கம்பெனிக்கு இல்லை, தனக்கு. டிஸ்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது, படிக்க மட்டும் செய்யும், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ரஸ்ட் சரியான கறார்ப் பேர்வழி. நடந்தால் இது, நடக்காவிட்டால் இது என்று இரண்டு வழிக்கும் பதில் எழுதி வைத்தால்தான் மேற்கொண்டு பேசும். அட்டவணையின் தலைப்பை அதில் ஒரு கட்டமைப்பாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தாள், அடையாள எழுத்துகள், பதிப்பு, நீளம், சரிபார்க்கிற எண், தான் இருக்கிற இடம், தன் நகல் இருக்கிற இடம் என்று. எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர் சும்மா இருக்காது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தன் வசதிக்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொள்ளப் பார்க்கும், நடுவில் இடம் விடாதே என்று அதட்ட வேண்டும். அதட்டினால் கேட்கும், ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அப்படியானால் உள்ளே கைவைக்க விடமாட்டேன், ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துக்கொண்டு போ என்னும். இது போதாதென்று, ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள நீளமான அடையாள எண்ணில் முதல் பாதியைத் திருப்பிப் படிக்க வேண்டும், மறு பாதியை நேராகப் படிக்க வேண்டும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒத்துப்போகாத இரண்டு பேர் ஆளுக்குப் பாதி எழுதியது போல. முதன்முதலில் அதைத் தெரிந்துகொண்டபோது வடிவு தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். நம்ம வீடேதான்.

நம்ம வீடு. அப்பா ஆறுமுகநயினார் மேடை ஏறினால் கூட்டம் எழுந்து போகாது. கோயில் கொடையோ கல்லூரி விழாவோ, பட்டிமன்றம் என்றால் அவர் பெயர் நோட்டீஸில் இருக்கும். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று தலைப்புக் கொடுத்தால், மனைவியே என்று ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளி, முன்வரிசைப் பெண்களைக் கண்ணைத் துடைக்க வைத்துவிட்டு, தோளில் சால்வையோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வடிவு, அம்மாகிட்ட சொல்லு, வெந்நீர் வேணும் என்பார். அம்மா ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பாள். ஏன் பேச்சு நின்றது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சின்ன மாமா கல்யாணத்தில் அப்பாவை மேடைக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்களாம், அம்மா பிறந்த வீட்டுக்குப் பரிந்து பேசினாளாம். அந்த மாமாவுக்கே இப்போது அது ஞாபகம் இருக்காது. ஆனால் அப்பா சாகிற வரைக்கும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் வடிவு வழியாகத்தான். அம்மாகிட்ட சொல்லு, இது குழம்பா கழுநீரா என்பார். வடிவு அடுப்பங்கரை வாசலில் போய் நின்று, அப்பா கொஞ்சம் புளி கூடச் சேக்கச் சொன்னாவ என்பாள். வேணும்னா மேடையில போய்ச் சாப்பிடச் சொல்லு உங்க அப்பாவ என்பாள் அம்மா. வடிவு கூடத்துக்குத் திரும்பி வந்து, நாளைக்குச் சரியா வச்சிருதாளாம் என்பாள். பாவாடை சட்டை போடுகிற வயசில் தொடங்கிய வேலை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடத்திலிருந்து அடுப்பங்கரைக்கு நடக்கிற தூரம் போதும், அதற்குள் வார்த்தையைக் கழுவித் துடைத்துவிடுவாள். குத்தாலம் அப்போது கைப்பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்.

கடைசியில் ஆஸ்பத்திரி. உள்ளே ஒருத்தரைத்தான் விடுவோம் என்றார்கள், வடிவு போனாள், அம்மாவும் நீயே போ என்றுதான் சொன்னாள். அந்த அறையின் குளிர் இப்போதும் வடிவின் கையில் ஏறும், ஏசி போட்ட எந்த அறைக்குள் போனாலும் ஏறும். அப்பா கண்ணைத் திறந்து, அம்மாகிட்ட சொல்லு என்றார். குனிந்து காதைக் கொடுத்தாள். மோட்டாரை அமத்திட்டாளான்னு கேளு. அவ்வளவுதான், தொட்டி நிரம்பி மாடியெல்லாம் வழிந்துவிடுமே என்கிற கவலை. அத்தனை மேடை ஏறிய மனுஷன், ஆயுசுக்கும் சேர்த்து வைத்த கடைசி வார்த்தை இதுதானா என்று அவளுக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. வெளியே வராந்தாவில் அம்மா இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னட்டி சொன்னாவ? நீ சாப்பிட்டியான்னு கேட்டாவ என்றாள் வடிவு. யோசித்துச் சொன்னதே இல்லை, பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு இட்லி வாங்கிட்டு வா என்றாள், இரண்டு இட்லியைச் சாப்பிட்டாள். அன்று சாயங்காலம் அப்பா போய்விட்டார். துஷ்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொன்னாள், போற நேரத்துல என்னைய சாப்பிட்டியான்னு கேட்டாவ பாத்துக்கோ. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் போன மாதம்கூடச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை ஊன்றித்தான் அம்மா இத்தனை வருஷம் நடமாடுகிறாள் என்று வடிவுக்குத் தோன்றும், அது பொய் என்று தெரிந்தால் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிடுவாள் என்று பயம். அந்தப் பயத்தையும் மீறிக் கேமரா முன்னால் உளறித் தொலைத்தாளே. குத்தாலம் அப்பாவைப் பற்றிப் படம் எடுக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தான், லைட்டு கண்ணைக் கூசிற்று, பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது, கடைசியா அப்பா என்னக்கா சொன்னாவ என்று அவன் சும்மா கேட்டான், மோட்டார் என்று வந்துவிட்டது. சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. மறுநாள் காலையில் அதை மட்டும் வெட்டிரு என்றாள். அக்கா, அதுதான் படமே என்றான். அம்மா பாப்பாலே. பாக்கட்டுமே, உண்மைதான. உண்மையாம், பெரிய அரிச்சந்திரன். அன்றோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. அப்பாவிடமிருந்து வந்தது, மூக்கும் முழியும் போல.

போன் அடித்தது, அம்மாவின் போன், அந்தப் பழைய கோயில் மணிச் சத்தம். நறுக்குவது நின்றது. ஆமா, ம், ம் என்று கேட்டது, பிறகு அம்மா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி, தம்பி டிஸ்க் என்னாச்சுன்னு கேக்கான்." வடிவு திரும்பவில்லை. "பாத்துக்கிட்டுதான் இருக்கேன், சும்மா சும்மா போன் பண்ண வேண்டாம்னு சொல்லு." அம்மா உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல், அக்கா உனக்காக லீவு போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காலே, நீ வெசனப்படாத. வடிவின் விரல் விசைப்பலகைமேல் ஒரு கணம் நின்றது. லீவா, யார் லீவு போட்டது. ஏதோ ஒன்று இடறியது, என்ன என்று பார்ப்பதற்குள் மனசு அதைத் தாண்டிப் போய்விட்டது. இல்லை என்று எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது கவலை. டிஸ்க் போயிட்டு, அவ்வளவுதான், நான் என்ன பண்ணட்டும். பொய் இல்லையே. அட்டவணைக்கு டிஸ்கின் கடைசியில் ஒரு நகலும் வைத்திருப்பார்கள், ஆபத்துக்கு உதவ, அதையும் படித்துப் பார்த்துவிட்டாள், அங்கேயும் பூஜ்யம். தலையிலும் இல்லை, வாலிலும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. இனிமேல் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் கை சும்மா இருந்தால்தானே. பழகின கை, முதல் துண்டை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தது. டிஸ்கைத் துண்டு துண்டாகத்தான் எண்ணுவார்கள், ஒரு துண்டுக்கு ஐநூற்றுப் பன்னிரண்டு பைட். முதல் துண்டில் நிஜ அட்டவணை இருக்காது, காவலுக்கு ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். விவரம் தெரியாத பழைய புரோகிராம் எதுவும் காலி டிஸ்க் என்று நினைத்து மேலே எழுதிவிடக் கூடாதே என்பதற்காக, உள்ளே ஆள் இருக்கு என்று மட்டும் அது சொல்லும். நிஜ அட்டவணை அடுத்த துண்டில். இந்த டிஸ்கில் காவல் அப்படியே நிற்கிறது, அடுத்த துண்டு காலி. விழுந்த அடியில் ஒன்று அழிந்து ஒன்று பிழைக்குமா என்று அவளுக்குள் ஒரு நமைச்சல். காவல் துண்டில் டிஸ்க் மொத்தம் எத்தனை துண்டு என்றும் எழுதியிருக்கும், அதை இதுவரை அவள் பார்க்கவில்லை, யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாள். கம்ப்யூட்டர் சொல்வதில் எட்டில் ஒன்றுதான் இருந்தது. தற்செயலாக எட்டில் ஒன்று வராது. வடிவு நாற்காலியில் சாய்ந்தாள், முதுகில் ரவிக்கை வியர்த்து ஒட்டியிருந்தது, மின்விசிறி கடகடத்தது, ஆக அப்படியா சங்கதி என்று மனசு தன்பாட்டில் சொல்லிக்கொண்டது. எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டியின் வேலை. சில பெட்டிகளுக்குள் ஒரு சில்லு இருக்கும், டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எட்டுத் துண்டைச் சேர்த்து ஒரே துண்டு என்று இந்தப் பக்கம் சொல்லும், இந்தப் பக்கம் ஒன்று கேட்டால் அந்தப் பக்கம் எட்டு என்று கேட்கும். இரண்டு பேருக்கும் நடுவே ஒருத்தர் இருக்கிறார் என்பதே இரண்டு பேருக்கும் தெரியாது. குத்தாலம் பெட்டியோடு வைத்துத்தான் இந்த டிஸ்கில் பகுதி பிரித்து அட்டவணை போட்டிருக்கிறான். படியால் அளந்து வைத்ததை இவள் ஆழாக்கால் அளந்து தேடிக்கொண்டிருக்கிறாள், எட்டு ஆழாக்கு ஒரு படி, சின்னப் பிள்ளைக்குத் தெரியும். டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை உரித்ததுதான் தப்பு, உரித்துவிட்டு அளவை மாற்றாமல் விட்டது அதைவிடத் தப்பு. அதது நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்று நச்சரிக்கிற ரஸ்ட், அளவே தப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

புரோகிராமின் மேல்வரியில் ஒரே ஓர் எண். அதை மாற்றினால் அட்டவணை வந்துவிடும். மாற்றாவிட்டால் வராது. வடிவு கையை மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்குத் தெரியப்போகிறது. சென்னையில் எவனாவது கடைக்காரன் கண்டுபிடித்தாலும் பிடிப்பான், கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் துடைத்துப் புது டிஸ்காக்கித் தந்தாலும் தருவான். இரண்டு வருஷம் அந்தப் பயல் வேகாத வெயிலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு, அப்பா பேசிய ஊரெல்லாம் அலைந்து, அப்பா குரலைக் கேட்டவர்களை எல்லாம் தேடிப் பிடித்துப் பேச வைத்தான். பாவம்தான். ஆனால் அம்மா. கருக்கலில் எழுந்து கோலம் போடுகிற அம்மா, சாப்பிட்டியான்னு கேட்டாவ என்று சொல்லும்போது தோள்பட்டையை நிமிர்த்துகிற அம்மா. இருட்டு அரங்கில் பெரிய திரையில் மகள் முகம் சிரித்துக்கொண்டே மோட்டார் என்று சொல்ல, பக்கத்து இருக்கைக்காரி அம்மாவைத் திரும்பிப் பார்க்க. வேண்டாம், சாமி. ஒரு வார்த்தை பொய்யாகச் சொன்னோம், அது ஓர் உயிரைத் தாங்கி நிற்கிறது, அதைக் காப்பாற்ற இன்னொரு வார்த்தை சொன்னால் என்ன. டிஸ்க் போயிட்டு. சொல்லிப் பார்த்தாள், உதட்டளவில். எளிதாகத்தான் வந்தது. இத்தனை எளிதாக வருகிறதே என்று உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மறுபடியும் கோயில் மணி. இந்தத் தடவை அம்மாவின் கையில் மாவோ என்னவோ, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், சுவரைத் தாண்டிக் குத்தாலத்தின் குரலே கேட்டது, தெளிவாக, பக்கத்தில் நிற்கிற மாதிரி. "அவ இல்லைன்னுதாம்மா சொல்லுவா. அவ பேசினது போனாப் போதும் அவளுக்கு. ஏலாட்டா அப்படியே வச்சிரச் சொல்லு, நான் வந்து எடுத்துட்டுப் போயிருதேன். அவளும் வேண்டாம், அவ உதவியும் வேண்டாம்." வடிவுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது, சரியாகச் சொல்லிவிட்டானே என்பதில் கூடுதலாக. அம்மா சரிப்பா, சொல்லிருதேன் என்றாள். செருப்பில்லாத கால் சத்தம் வந்தது, கூடத்தில் கொஞ்சம் தயங்கியது, வாசலில் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"தம்பி உன்னைய சாப்பிட்டியான்னு கேக்கான்."

வடிவு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒன்றுமில்லை, கொத்தவரங்காய் நறுக்கினவளின் முகம். "அவன் அப்படியா கேட்டான்? எனக்குக் கேட்டுதும்மா எல்லாம்" என்றாள் வடிவு. "கேட்டா கேட்டுட்டுப் போ" என்றாள் அம்மா. "உங்க அப்பா மட்டும் என்னைக்குட்டி என்னைய சாப்பிட்டியான்னு கேட்டிருக்காவ? நீ சொன்ன. நான் சாப்பிட்டேன்." சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுது என்று உள்ளே போனாள். ஒன்றும் கருகவில்லை, வாசனை வரவில்லை. வடிவு சுவரைப் பார்த்தாள். ஒற்றைச் செங்கல். அங்கே பேசுவது இங்கே கேட்டால் இங்கே பேசினதும் அங்கே கேட்டிருக்கும்தானே, கழுநீரும் கேட்டிருக்கும், மேடையில் போய்ச் சாப்பிடச் சொல்லு என்றதும் கூடத்துக்குக் கேட்டிருக்கும், அத்தனை வருஷமும் இரண்டு பேரும் அசலைக் கேட்டுவிட்டு அவள் கொண்டுவருகிற நகலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள், அவள் வாசலில் வந்து நின்று வாயைத் திறக்கிற வரைக்கும். இது ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை என்று யோசித்தாள். நடுவில் இருக்கிறவளுக்குத் தெரியாதுதான் போல. அழுகை வருமா என்று பார்த்தாள், வரவில்லை, மூக்கு மட்டும் எரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அவளைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தை இத்தனை நாளும் தப்பாகவே படித்திருக்கிறாள்.

மேல்வரிக்குப் போனாள். ஐநூற்றுப் பன்னிரண்டை அழித்து நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று அடித்தாள். கம்பைலர் எதற்கோ ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஓடவிட்டாள். அடையாள எழுத்துகள் எட்டும் வந்தன, சரிபார்க்கிற எண் பொருந்தியது, பிறகு அட்டவணை, ஒரே ஒரு பகுதி, டிஸ்க் முழுவதையும் அடைத்துக்கொண்டு. கடைசியாக அந்தப் பகுதியின் பெயர். பகுதிக்குப் பெயர் வைக்கலாம், முப்பத்தாறு எழுத்துக்குள், பெரும்பாலானவர்கள் வைப்பதில்லை, குத்தாலம் வைத்திருந்தான், தமிழிலேயே. படத்துக்கு என்ன பெயர் என்று அவள் அவனிடம் கேட்டதில்லை, கேட்கிற நிலைமையில் இல்லை. திரையில் இருந்தது: அம்மாகிட்ட சொல்லு. கைப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தாளே.

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள், போன் மேடையில் உளுந்து டப்பா பக்கத்தில் கிடந்தது. "தம்பிக்கு என்னட்டி சொல்லட்டும்?" என்றாள் அம்மா திரும்பாமல். "போனைத் தா, நானே பேசுதேன்" என்றாள் வடிவு. அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் போனை முந்தானையில் துடைத்து, துடைக்க வேண்டியதே இல்லை, இருந்தாலும் இரண்டு பக்கமும் துடைத்து நீட்டினாள். ஒரே மணியில் எடுத்துவிட்டான். "என்னம்மா, என்ன சொல்லுதா?" என்று அவசரமாகக் கேட்டான், குரல் நடுங்கியது, இத்தனை நாள் அவன் இப்படி நடுங்கியா பேசிக்கொண்டிருந்தான், அதை யாரும் கொண்டுவந்து சொல்லவில்லையே. "அம்மா இல்லலே, அக்கா" என்றாள். டிஸ்க் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டியாலே?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா" என்றான்.